ஆண் / பெண் என்ற ஒரே கட்டம் போதாது: ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வைரஸ் தொற்று, தடுப்பூசி ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும், முடிவுகளை வெளியிடும் இதழாசிரியர்களுக்கும்,

ஆய்வுத் திட்டங்களில் பாலின ஹார்மோன் அளவீட்டுக்கென்று நாங்கள் எழுதும் வரியைத் தொடர்ந்து அடித்துவிடுகிறீர்கள். அதற்கு எழுதும் காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: வயதையும் பாலினத்தையும் புள்ளியியல் கணக்கில் சரிக்கட்டியாயிற்று, இது கூடுதல் செலவு. இந்த முடிவை எங்களால் ஏற்க முடியாது. நாங்கள் ஆய்வுக்கூட மேசையிலும் தடுப்பூசிப் பரிசோதனைகளிலும் வேலை செய்கிறவர்கள். நீங்கள் அடித்துவிடும் அந்த ஒரு வரி இல்லாததால், எங்கள் கையில் இருக்கும் முடிவுக்கு என்ன பொருள் என்று எங்களாலேயே சொல்ல முடியாமல் போகிறது.

‘சரிக்கட்டியாயிற்று’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறோம். பாலினத்தைச் சரிக்கட்டுவது என்றால், ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலுள்ள சராசரி வித்தியாசத்தைக் கழித்து ஓரமாக வைப்பது. மருந்தோ தடுப்பூசியோ இருவரிடமும் ஒரே அளவில் வேலை செய்கிறது என்ற அனுமானம் அந்தக் கழித்தலுக்குள்ளேயே இருக்கிறது. நாங்கள் கேட்கும் கேள்வியோ அந்த அனுமானம் சரியா என்பதுதான். கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பதில் வந்துவிட்டது என்று சொல்வதைப் போன்றது இது.

இதனால் என்ன தவறும் என்பதற்கு எச்.ஐ.வி. ஒரு நல்ல சாட்சி. தொற்று எப்போது ஏற்பட்டது என்று தெரிந்த 156 ஆண்களையும் 46 பெண்களையும் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. தொடக்க நிலையில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் இருந்த வைரஸ் பிரதிகளின் இடைநிலை அளவு ஆண்களிடம் 50,766, பெண்களிடம் 15,103. எச்.ஐ.வி. அழிக்கும் நோயெதிர்ப்புச் செல்களான சி.டி.4 செல்களின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. வைரஸ் குறைவாக இருந்த பெண்கள் மெதுவாகத்தான் எய்ட்ஸ் நிலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை, இருபாலரும் ஒரே வேகத்தில்தான் போனார்கள். அன்றைய வழிகாட்டுதலோ வைரஸ் எண்ணிக்கையையும் சி.டி.4 அளவையும் வைத்தே யாருக்கு மருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தது. அந்தக் கோட்டின்படி ஆண்களில் 74 சதவீதத்தினருக்குச் சிகிச்சைத் தகுதி கிடைத்தது, பெண்களில் 37 சதவீதத்தினருக்கு மட்டுமே. அதே நோய், அதே வேகம், ஆனால் பெண்களில் பெரும்பாலோர் கோட்டுக்கு வெளியே. தொற்றுள்ள எல்லோருக்கும் உடனே மருந்து என்ற நிலை இன்று வந்துவிட்டதால் அந்தக் கோடு போய்விட்டது. ஆனால் அது போடப்பட்டபோது அதைப் போட்டவர்களும் உங்களைப் போன்ற கவனமான குழுவினர்தான்.

அந்த வேறுபாட்டின் வேர் எங்கே இருக்கிறது என்று 2009-இல் ஓரளவு தெரிந்தது. இரத்தத்தில் பிளாஸ்மசைட்டாய்ட் டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வைரஸ் வந்ததும், அதை எதிர்க்கும் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா என்ற புரதத்தைக் கொட்டுவது இவைதான். வைரஸின் ஒற்றை இழை ஆர்.என்.ஏ-வை இவை டி.எல்.ஆர்.7 என்ற உணர்வி மூலம் அடையாளம் காண்கின்றன. ஒரே அளவு எச்.ஐ.வி. தூண்டுதலைக் கொடுத்தால் பெண்களின் இந்தச் செல்களில் கூடுதல் விகிதத்தினவை இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றன. ஒரே வைரஸ் அளவுள்ள ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டால், தொற்றிய செல்களைக் கொல்லும் சி.டி.8 செல்கள் பெண்களிடம் கூடுதலாக முடுக்கிவிடப்பட்டிருக்கின்றன. வைரஸை அடக்கிவைக்கும் அதே வேகம், நீண்டகாலத் தொற்றில் நோயெதிர்ப்பு அமைப்பையே களைப்படையச் செய்கிறது. எண்ணிக்கை குறைவாக இருந்தும் நோய் மெதுவாகாததற்கு இது ஒரு விளக்கம்.

இதில் இரண்டு சரடுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று குரோமோசோம். டி.எல்.ஆர்.7 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களின் செல்லில் ஓர் எக்ஸ் அடங்கிவிடும் என்பது பாடநூல் வரி. ஆனால் சில நோயெதிர்ப்புச் செல்களில் இந்த மரபணு அடங்காமல் இரண்டு பிரதியிலிருந்தும் இயங்குகிறது என்று 2018-இல் காட்டினார்கள். மற்றது ஹார்மோன். முக்கிய ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடையால் தன் ஆல்ஃபா ஏற்பி வழியாக இதே செல்களில் ஐ.ஆர்.எஃப்.5 என்ற புரதத்தின் அளவை உயர்த்தி, இன்டர்ஃபெரான் சுரப்பைக் கூட்டுகிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. ‘ஆண்/பெண்’ என்ற கட்டமோ இரண்டையும் ஒரே டிக் குறிக்குள் அடைத்துவிடுகிறது.

பிரித்துப் பார்க்கவே முடியாது என்று சொல்பவர்களுக்கு 2024-இல் வந்த ஓர் ஆய்வைக் காட்டுகிறோம். டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை தொடங்கிய 23 திருநம்பிகளின் இரத்தத்தைச் சிகிச்சைக்கு முன்பும், பிறகு 3-ஆவது மாதத்திலும் 12-ஆவது மாதத்திலும் பரிசோதித்தார்கள். குரோமோசோம் மாறவில்லை, ஹார்மோன்தான் மாறியது. பிளாஸ்மசைட்டாய்ட் டென்ட்ரிட்டிக் செல்களின் முதல்வகை (ஆல்ஃபா உள்ளிட்ட) இன்டர்ஃபெரான் விடை, அதாவது தூண்டுதலுக்குக் காட்டும் எதிர்வினை, தணிந்தது; மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களில் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரத விடை ஏறியது. உங்கள் படிவத்தில் இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? எந்தக் கட்டத்தில் போட்டாலும் பாதித் தகவல் தொலையும். அளவிட்ட டெஸ்டோஸ்டிரோன் எண் கையில் இருந்தால் எதுவும் தொலையாது.

அடுத்தது அளவு. ‘ஈஸ்ட்ரோஜன் நோயெதிர்ப்பைக் கூட்டும்’ என்ற ஒற்றை வரியை நாங்கள் பொறுப்பாக எழுத மாட்டோம். எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் என்று சொல்லாமல் அதற்குப் பொருளே இல்லை. மாதவிடாய் தொடங்கும் நாட்களில் எஸ்ட்ராடையால் மில்லிலிட்டருக்கு 30 முதல் 100 பிக்கோகிராம் வரை இருக்கும். முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் 200 முதல் 400 வரை ஏறும். மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் 20-க்குக் கீழே போய்விடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் 10,000-ஐத் தாண்டும். ‘பெண்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம் அடங்கியிருக்கிறது. குறைந்த அளவில் அழற்சி விடைகளைத் தூண்டும் ஹார்மோன், கர்ப்பகாலத்தின் உயர் அளவில் புரோஜெஸ்டிரோனோடு சேர்ந்து விடையை வேறு திசைக்குத் திருப்புகிறது. கர்ப்பிணிகளை 1918, 1957, 2009 இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்றுகள் தனியாகக் குறிவைத்தது போல் தாக்கியதும், ஹெப்படைட்டிஸ் இ தொற்று கர்ப்பத்தின் மூன்றாம் பருவத்தில் 20 முதல் 25 சதவீத உயிரிழப்பு வரை கொண்டுபோவதும் மருத்துவ உலகம் நன்கறிந்தவை. இருந்தும் கொரோனா தடுப்பூசிகளின் தொடக்கப் பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை.

தடுப்பூசிக்கு வருவோம். 18 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,114 பேரிடம் நடந்த இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிப் பரிசோதனை 2008-இல் வெளியானது. முழு அளவு அரை மில்லிலிட்டர், ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் புரதம். பாதி அளவு அதில் சரிபாதி. பாதி அளவு பெற்ற பெண்களின் ஆன்டிபாடி விடை, முழு அளவு பெற்ற ஆண்களின் விடைக்குப் பொதுவாக ஈடாக இருந்தது. 2014-இல் வந்த இன்னோர் ஆய்வில், 34 ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்தவர்களின் விடையே மிகவும் தணிந்திருந்தது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்கள் பெண்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஆண் என்ற கட்டத்துக்குள்ளேயே இவ்வளவு பிளவு. ஹார்மோனை அளக்காமல் இருந்திருந்தால் ‘ஆண்களிடம் விடை சற்றுக் குறைவு’ என்ற ஒரு மொண்ணையான வரிதான் மிஞ்சியிருக்கும்.

பாலினவாரியாகப் பிரித்துப் பார்த்ததால் தப்பித்த கதையும் உண்டு. 1980-களின் இறுதியில் சிசுக்களுக்கு அதிக வீரியத் தட்டம்மைத் தடுப்பூசி கொடுத்தபோது அது தட்டம்மையைத் தடுத்தது. ஆனால் செனகல், கினி-பிசாவ், ஹைட்டி ஆகிய இடங்களின் பரிசோதனைகளில் பெண் குழந்தைகள் பிற காரணங்களால் கூடுதலாக இறந்தது தெரியவந்தது. 1992-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. எல்லாக் குழந்தைகளையும் ஒரே கணக்கில் சேர்த்தே பார்த்திருந்தால் அந்த ஆபத்து சராசரிக்குள் கரைந்திருக்கும்.

கேட்காமல் விட்டதன் விலைக்குச் சமீபத்திய சாட்சி கொரோனா தடுப்பூசிதான். பரிசோதனைகளின் நாட்குறிப்பில் காய்ச்சல், வலி, சோர்வு எல்லாம் இருந்தன. மாதவிடாய் என்ற வரி இல்லை. பின்னர் பெண்கள் லட்சக்கணக்கில் கேள்வி கேட்டபோது கையில் தரவு இல்லை. அந்த இடத்தை வதந்தி நிரப்பியது. சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே தள்ளிப்போகிறது என்ற ஆறுதலான விடை 2022-இல்தான் வந்தது. படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்திருந்தால் அது முதலிலேயே கிடைத்திருக்கும்.

இனி ஆய்வுக்கூடத்தின் உள்ளே. மதிப்பாய்வில் யாரும் கேட்காத இடம் இது, எங்களுக்கு அதிக வருத்தம் தருவதும் இதுதான்.

செல் வளர்ப்பு ஊடகத்தின் இளஞ்சிவப்பு நிறம் ஃபீனால் ரெட் என்ற சாயத்தால் வருவது. அந்தச் சாயத் தயாரிப்பு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை லேசாகத் தூண்டும் என்பது 1986 முதல் தெரியும். ஊடகத்தில் 10 சதவீதம் சேர்க்கும் மாட்டுக் கருச் சீரத்திலும் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உண்டு, ஒவ்வொரு தொகுதியிலும் வேறு அளவில். ஆக ‘ஹார்மோன் இல்லாத கட்டுப்பாடு’ என்று கட்டுரையில் எழுதப்படும் தட்டில் உண்மையில் ஹார்மோன் இருக்கிறது. சாயமில்லாத ஊடகமும், டெக்ஸ்ட்ரான் பூசிய கரியால் ஸ்டீராய்டு நீக்கிய சீரமும் பயன்படுத்தி, தொற்று ஏற்றுவதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே செல்களை அதற்கு மாற்ற வேண்டும். கரி மற்ற வளர்ச்சிக் காரணிகளையும் இழுத்துக்கொள்ளும். அதனால் கட்டுப்பாட்டுத் தட்டும் அதே சீரத்தில்தான் இருக்க வேண்டும். ஹார்மோனைக் கரைக்கும் எத்தனால் இரண்டு தட்டுகளிலும் சம அளவில், 0.1 சதவீதத்துக்கு மிகாமல்.

பிறகு செறிவு. எஸ்ட்ராடையால் 1 நானோமோலார் என்றால் மில்லிலிட்டருக்கு 272 பிக்கோகிராம். முட்டை வெளிவரும் நாளின் அளவு. 1 மைக்ரோமோலார் என்றால் 2,72,000 பிக்கோகிராம். நிறைகர்ப்பிணியின் இரத்தத்தில்கூட அப்படியோர் அளவு இருக்காது. அந்தச் செறிவில் வைரஸ் பெருக்கம் குறைந்ததைக் காட்டி ‘ஈஸ்ட்ரோஜன் வைரஸைத் தடுக்கிறது’ என்று தலைப்பிட்டு வந்த கட்டுரைகளை நீங்கள் ஏற்றிருக்கிறீர்கள். அது ஹார்மோனின் வேலையா, கொழுப்பில் கரையும் ஒரு வேதிப்பொருளை அள்ளிக் கொட்டியதன் விளைவா என்று கேட்டிருக்க வேண்டாமா?

செல்களுக்கும் ஆண், பெண் என்ற பால் உண்டு. கொரோனா ஆய்வுகளில் அதிகம் புழங்கிய காலு-3 ஆண் நுரையீரல் செல், ஏ549-உம் ஆண், நோயெதிர்ப்புக்குப் பயன்படுத்தும் டி.எச்.பி.-1 ஒரு வயது ஆண் குழந்தையிடமிருந்து வந்தது. வெரோ பெண் குரங்கின் செல், அதிலும் முதல்வகை இன்டர்ஃபெரான் மரபணுக்களே கிடையாது. இந்த விவரம் எத்தனை கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் இருக்கிறது?

எலிகள் விஷயத்தில் நாங்கள் கேட்டுச் சலித்த பதில், ‘பெண் எலிகளில் சுழற்சி இருப்பதால் அளவீடுகளின் சிதறல் அதிகம்’ என்பது. 293 கட்டுரைகளின் தரவைத் திரட்டிப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு, சுழற்சி நிலையைக் கண்காணிக்காத பெண் எலிகளில்கூட ஆண் எலிகளைவிடச் சிதறல் அதிகமில்லை என்று காட்டிவிட்டது. சுழற்சி 4 முதல் 5 நாள். யோனி ஸ்மியரைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தால் சில நிமிடங்களில் நிலை தெரியும். சினைப்பையை நீக்கினால் பழைய ஹார்மோன் வடிய ஏறத்தாழ இரண்டு வாரம் விட்டுத்தான் மாற்று ஹார்மோன் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் இரத்தத்தில் அளந்து பார்க்க வேண்டும், ஏனெனில் தோலுக்கடியில் வைக்கும் வில்லைகள் முதல் நாட்களில் இயல்பைவிடப் பல மடங்கு கொட்டிவிடுவதுண்டு. தீவனத்தில் சோயா இருந்தால் ஜெனிஸ்டீன், டைட்ஸீன் என்ற தாவர ஈஸ்ட்ரோஜன்கள் சேர்ந்தே உள்ளே போகும். சினைப்பையை எடுத்துவிட்டுச் சோயாத் தீவனம் போட்டால் கட்டுப்பாட்டுக் குழு என்று எதைச் சொல்வது?

எங்கள் பக்கத்து ஓட்டையையும் மறைக்கவில்லை. குரோமோசோமையும் சுரப்பியையும் பிரித்தறிய நாங்கள் நம்பியிருந்த ‘நான்கு மூல மரபுவகை’ எலிகளில் (எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய் இரண்டிலும் விந்தகமோ சினைப்பையோ அமையும்படி உருவாக்கியவை), 3.2 மெகாபேஸ் (32 லட்சம் மரபு எழுத்துகள்) நீளமுள்ள எக்ஸ் துண்டு ஒன்று ஒய் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருப்பது 2024-இல் வெளிவந்தது. அந்தத் துண்டில் டி.எல்.ஆர்.7 மரபணுவும் இருக்கிறது. எதைப் பிரிக்க வேண்டியிருந்ததோ அதிலேயே பிசகு. ஆகவே அந்த எலிகளை வைத்து வந்த வைரஸ் ஆய்வுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். அதற்கும் நிதி வேண்டும்.

ஹார்மோனையே மருந்தாக்கிவிடலாம் என்று நாங்கள் வாதாடவில்லை. கொரோனா வைரஸுக்குக் கதவு திறக்கும் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 நொதி புராஸ்டேட்டில் ஆண் ஹார்மோனால் தூண்டப்படுகிறது. அதை நம்பி மருத்துவமனையில் சேர்ந்த 96 ஆண்களிடம், டெஸ்டோஸ்டிரோனைத் தாழ்த்தும் டெகாரெலிக்ஸ் ஊசியைச் சோதித்தார்கள். பயனில்லை என்று 2022-இல் முடிவு வந்தது. புராஸ்டேட்டின் விதி நுரையீரலுக்கு அப்படியே பொருந்திவிடாது. அதேபோல், உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா கண்ட 987 பேரில் 101 பேரிடம் முதல்வகை இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். ஆண்–பெண் இடைவெளி முழுவதையும் ஹார்மோன் தலையில் கட்டிவிட முடியாது. எது ஹார்மோன், எது குரோமோசோம், எது இரண்டும் இல்லாதது என்று பிரிக்கத்தான் அளவீடு கேட்கிறோம்.

மனிதர்களிடம் அளப்பதிலும் தவறாகப் போகும் இடங்கள் உண்டு. கடும் நோய் வந்ததுமே மூளையடிச் சுரப்பியின் கட்டளை தாழ்ந்து ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் விழுந்துவிடும். மருத்துவமனையில் சேர்ந்தபின் எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பது நோயின் காரணமா விளைவா என்று அந்த ஒரு மாதிரியை வைத்துச் சொல்லவே முடியாது. தடுப்பூசிப் பரிசோதனையில் ஊசிக்கு முன் எடுக்கும் முதல் நாள் இரத்தம் அதனால்தான் விலைமதிப்பற்றது. அதிலிருந்துதான் நீங்கள் அளவீட்டை நீக்குகிறீர்கள். அரை மில்லிலிட்டர் சீரம் தனியே எடுத்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தால் மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் எஸ்ட்ராடையால், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் மூன்றையும் பார்த்துவிடலாம். ஆன்டிபாடி கொண்டு அளக்கும் வழக்கமான இம்யூனோஅஸே முறை, பெண்களின் டெஸ்டோஸ்டிரோன், மாதவிடாய் நின்றவர்களின் எஸ்ட்ராடையால் போன்ற தாழ்ந்த அளவுகளில் நம்பத்தக்கதல்ல. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும். காலை 10 மணிக்குள் இரத்தம் எடுத்து, எடுத்த நேரத்தை எழுதாவிட்டால் எண் வீண்.

படிவத்தின் கேள்விகளையும் திருத்த வேண்டும். ‘மாதவிடாய் நின்றுவிட்டதா?’ என்ற ஒரு கேள்வி போதாது. கருப்பையை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பையை விட்டுவைத்த பெண்ணுக்கு மாதவிடாய் வராது, ஆனால் ஹார்மோன் சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும். அவர் ‘ஆம்’ என்று எழுதுவார், கணக்கு அங்கேயே கெடும். ‘கருத்தடை முறை உண்டா?’ என்பதும் அப்படித்தான். காப்பர்-டி-யில் ஹார்மோன் இல்லை. மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடையாலும் சினைப்பை சுரக்கும் எஸ்ட்ராடையாலும் ஒன்றல்ல. மூன்று மாத ஊசியில் உள்ள மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், கார்ட்டிசால் அமரும் ஏற்பியிலும் போய் உட்காரும். மருந்தின் பெயர் தெரியாமல் இதையெல்லாம் ஒரே ‘ஆம்’ என்று பதிந்தால் பயனில்லை. ஆண்களிடமும் கேட்க வேண்டியது உண்டு: டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லோ ஊசியோ எடுக்கிறாரா, புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் அடக்கும் மருந்து எடுக்கிறாரா என்று.

எங்கள் கோரிக்கைகள் இவை.

நிதிக்குழுக்களே, ஊசிக்கு முந்தைய இரத்தத்தில் எஸ்ட்ராடையால், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் அளவீட்டை ‘கூடுதல் செலவு’ என்ற பட்டியலிலிருந்து எடுத்து அடிப்படைச் செலவில் சேருங்கள். உடனே அளக்கப் பணம் இல்லையென்றால், சீரத்தைத் தனிக் குப்பியில் உறைய வைக்கவாவது பணம் கொடுங்கள். மொத்த விளைவுக்குச் சமமான அளவில் ஆண்–பெண் குழுக்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைக் கண்டறிய, அந்த மொத்த விளைவைக் கண்டறிவதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஒரே பரிசோதனையில் அது முடியாது என்பதற்காகவே எல்லாப் பரிசோதனைகளும் ஒரே முறையில் அளந்து வைக்க வேண்டும், பிற்பாடு சேர்த்துப் பார்ப்பதற்கு.

நெறிமுறைக் குழுக்களே, கடைசி மாதவிடாயின் முதல் நாள், கருத்தடை மருந்தின் பெயர், கருப்பை நீக்கம், சினைப்பை நீக்கம் தனித்தனியாக, ஹார்மோன் சிகிச்சை, இரத்தம் எடுத்த மணி ஆகியவை இல்லாத படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள். பக்கவிளைவு நாட்குறிப்பில் மாதவிடாய் மாற்றத்துக்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும். கர்ப்பிணிகளை விலக்கும் திட்டம் வந்தால், ஏன் என்பதோடு, எப்போது சேர்ப்பீர்கள் என்ற தேதியையும் கேளுங்கள்.

இதழாசிரியர்களே, 2016 முதல் பாலின விவர வழிகாட்டுதல்கள் உங்கள் இணையதளங்களில் இருக்கின்றன, அவற்றைச் செயல்படுத்துங்கள். செல்லின் பால், ஊடகத்தில் சாயம் இருந்ததா, சீரம் எவ்வகை, ஹார்மோன் செறிவு எந்த உடல்நிலைக்கு ஈடானது, எலித் தீவனத்தில் சோயா உண்டா என்பவை இல்லாத கட்டுரையை மதிப்பாய்வுக்கே அனுப்பாதீர்கள். ‘பெண்களிடம் பி மதிப்பு தேறியது, ஆண்களிடம் தேறவில்லை’ என்பதை வேறுபாட்டுக்குச் சான்றாக ஏற்காதீர்கள். விளைவு பாலினத்தால் மாறுகிறதா என்று நேரடியாகப் பார்க்கும் இடைவினைச் சோதனையைக் கேளுங்கள். வேறுபாடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பாலினவாரியான தரவு பிற்சேர்க்கையில் முழுமையாக வர வேண்டும்.

உங்கள் அடுத்த மதிப்பாய்வுச் சுற்றுக்கு முன், இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு என்ன காரணம் என்பதை எழுத்தில், எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வைரஸ் நோயெதிர்ப்பு ஆய்வில் பணிபுரிவோர்